‘லொள்ளு சபா’ முதல் ‘தி நூஸ்’ வரை: பழைய டிவி காமெடிக்கு இன்னிக்கும் சிரிப்பு வருதா?

வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு பழைய ‘லொள்ளு சபா’ வீடியோவைப் போடுகிறார். அப்பா விழுந்து விழுந்து சிரிக்கிறார். 17 வயது மகள், "இதுல என்ன காமெடி இருக்கு?" என்று கேட்கிறார். இன்னொரு வீடியோவுக்கு இருவரும் சேர்ந்தே சிரிக்கிறார்கள்.

ஒரே நிகழ்ச்சி, அதே நடிகர்கள். அப்புறம் ஏன் ஒன்று வேலை செய்கிறது, இன்னொன்று செய்வதில்லை?

"அந்தக் காலத்துல யாரும் இப்படிப் புண்படல" என்பது ஒரு தரப்பு. "அதெல்லாம் இப்போ பார்க்கவே முடியாது" என்பது இன்னொரு தரப்பு. இரண்டுமே பாதிதான் சரி. கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

முதலில், ஸ்கெட்ச் காமெடி என்றால் என்ன?

சில நிமிடங்களில் முடிந்துவிடும் சின்ன நகைச்சுவைக் காட்சி. ஒரு சூழ்நிலை, இரண்டு மூன்று பேர், ஒரு விபரீதமான யோசனை. அந்த யோசனை தீர்ந்ததும் காட்சியும் முடிந்துவிடும். அடுத்தது வேறு ஆட்கள், வேறு இடம்.

‘சிட்காம்’ அப்படியல்ல. அதில் அதே குடும்பம், அதே அலுவலகம் வாரா வாரம் வரும். ஸ்டாண்ட்-அப் காமெடியில் ஒருவர் மைக் பிடித்து நேராக நம்மிடம் பேசுவார். ஸ்கெட்ச்சில் நடிப்பார்கள்.

உலக அளவில் இரண்டு பெயர்களை அடிக்கடி சொல்வார்கள். ஒன்று, 1969இல் பிபிசியில் தொடங்கிய ‘மான்டி பைத்தான்ஸ் ஃபிளையிங் சர்க்கஸ்’. இன்னொன்று, 1975இல் அமெரிக்காவில் தொடங்கி இன்றுவரை ஓடும் ‘சாட்டர்டே நைட் லைவ்’. 45 பகுதிகளோடு முடிந்துபோன மான்டி பைத்தான் ஐம்பது ஆண்டு கழித்தும் பேசப்படுகிறது. ஆனால் பேசப்படுவது அந்த 45 பகுதிகள் முழுவதுமா? இல்லை. செத்த கிளியைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போகிறவர் மாதிரி சில காட்சிகள் மட்டும்தான். மீதியில் பலவற்றை ரசிகர்களே தள்ளிவிட்டுத்தான் பார்ப்பார்கள்.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கெட்ச் காமெடி மொத்தமாகப் பழசாவதில்லை. துண்டு துண்டாகத்தான் பழசாகும்.

தமிழில் இது எங்கிருந்து வந்தது?

தமிழில் ஸ்கெட்ச் காமெடி டிவிக்கு முன்பே சினிமாவில் இருந்தது. அதன் பெயர் ‘காமெடி டிராக்’. படத்தின் கதை ஒரு பக்கம் போகும். நகைச்சுவை நடிகர்களின் காட்சிகள் இன்னொரு பக்கம் தனியாகப் போகும். பல படங்களில் அதற்குத் தனி எழுத்தாளரே இருப்பார்.

1989இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ படத்தின் வாழைப்பழக் காமெடியை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் ஏ.வீரப்பன். கவுண்டமணி இரண்டு பழம் வாங்கிவரச் சொல்கிறார். செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றைக் கொடுக்கிறார். மற்றது எங்கே என்று கேட்டால், கையில் இருப்பதையே காட்டுகிறார். அவ்வளவுதான் விஷயம். படத்தின் கதை தெரியாதவருக்கும் அது புரியும்.

பிறகு ஆதித்யா, சிரிப்பொலி போன்ற ஒளிவழிகள் வந்தன. படத்திலிருந்து இந்தக் காட்சிகளை மட்டும் வெட்டி எடுத்து நாள் முழுக்கப் போட்டன. அதாவது, சினிமா காமெடியை டிவி ஸ்கெட்ச்சாக மாற்றிவிட்டன. இன்று யூடியூப்பும் டிக்டாக்கும் செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலைதான்.

அப்படி வெட்டப்பட்ட துண்டு எவ்வளவு தூரம் போகும்? 2019 மே மாதம் ‘நேசமணிக்காக வேண்டிக்கொள்ளுங்கள்’ என்ற ஹேஷ்டேக் உலக அளவில் டிரெண்ட் ஆனது நினைவிருக்கும். அந்த கான்ட்ராக்டர் நேசமணி, 2001இல் வந்த ‘ஃபிரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு நடித்த கதாபாத்திரம். தலையில் சுத்தியல் விழும் அந்தக் காட்சிக்கு அப்போது 18 வயது. அன்று ட்வீட் போட்டவர்களில் பலர் படம் வந்தபோது குழந்தைகள். சிலர் பிறந்திருக்கவே மாட்டார்கள்.

‘லொள்ளு சபா’ ஏன் இவ்வளவு முக்கியம்?

விஜய் டிவியில் 2000களின் நடுப்பகுதியில் வந்த நிகழ்ச்சி. இயக்கியவர் ராம்பாலா. ஒவ்வொரு வாரமும் ஒரு தமிழ்ப் படத்தை எடுத்துக்கொண்டு அதை முழுசாகக் கலாய்ப்பார்கள். ஆங்கிலத்தில் ‘ஸ்பூஃப்’ என்பார்கள். தமிழில் ‘பகடி’.

செட் பார்த்தாலே தெரியும், காசு இல்லை என்று. விக் கோணலாக இருக்கும். ஹீரோ பறந்து அடிக்க வேண்டிய இடத்தில் சும்மா குதிப்பார்கள். அதுவே காமெடியின் பாதி.

இதிலிருந்து வந்தவர்களின் பட்டியல் பெரிசு. சந்தானம் இங்கிருந்துதான் சினிமாவுக்குப் போனார். யோகி பாபுவும் தொடக்க காலத்தில் இங்கே முகம் காட்டியவர். ராம்பாலா பின்னர் சந்தானத்தை வைத்து ‘தில்லுக்கு துட்டு’ (2016) இயக்கினார். மனோகர், சுவாமிநாதன், 2024இல் காலமான சேஷு ஆகியோருக்கு ‘லொள்ளு சபா’ என்பது பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட இனிஷியல் மாதிரி ஆகிவிட்டது.

2010இல் சி.எஸ்.அமுதன் இயக்கிய ‘தமிழ்ப் படம்’ முழு நீளப் பகடிப் படமாக வந்து ஓடியது. அதற்கான ரசிகர்களை ஏற்கனவே பழக்கி வைத்திருந்தது ‘லொள்ளு சபா’ போன்ற டிவி காமெடிதான்.

இதே காலத்தில் அதே ஒளிவழியில் ‘கலக்கப் போவது யாரு?’ தொடங்கியது. மிமிக்ரி, தனிநபர் காமெடி, இருவர் மூவர் சேர்ந்து நடிக்கும் சின்னக் காட்சிகள் எல்லாம் கலந்த போட்டி. சிவகார்த்திகேயன் அந்த மேடையில் வென்று வந்தவர்.

இப்போ பார்த்தா எப்படி இருக்கு?

நிற்பவற்றை முதலில் சொல்லலாம்.

ஹீரோவின் அறிமுகக் காட்சி. காலைக் காட்டி, கையைக் காட்டி, கடைசியில் முகத்தைக் காட்டும் அந்த வழக்கத்தை ‘லொள்ளு சபா’ போட்டுக் கிழித்தது. இன்றைய படங்களிலும் ஹீரோ அப்படித்தான் வருகிறார். ஸ்லோ மோஷன் இன்னும் கூடியிருக்கிறது. எனவே அந்த ஜோக் நேற்று எழுதியது போலவே இருக்கிறது. பஞ்ச் வசனம், அம்மா சென்டிமென்ட், சாகும்போது ஐந்து நிமிடம் பேசுவது எல்லாம் இதே வகைதான். மூலப் படத்தைப் பார்க்காதவருக்கும் புரியும். ஏனென்றால் கேலி செய்யப்படுவது அந்த ஒரு படம் மட்டுமல்ல, ஒரு பழக்கம்.

மனோகரின் நடிப்பும் அப்படித்தான். கையை ஆட்டிக்கொண்டு, இழுத்து இழுத்து அவர் பேசும் விதத்துக்கு விளக்கம் தேவையில்லை. சத்தமே இல்லாமல் பார்த்தாலும் சிரிப்பு வரும்.

விழுபவை எவை?

ஒன்று, குறிப்பிட்ட ஒரு படத்தின் குறிப்பிட்ட ஒரு காட்சியை மட்டும் நம்பி எழுதியவை. அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருக்காவிட்டால் அங்கே ஒன்றுமே இல்லை. இது யாருடைய தப்பும் இல்லை. பகடி என்பது கடன் வாங்கிய சிரிப்பு. மூலத்தை மறந்தால் கடனும் போய்விடும்.

இரண்டு, உருவக் கேலி. கறுப்பு, குண்டு, வழுக்கை, பல். ‘லொள்ளு சபா’வில் மட்டும் இல்லை, அந்தக் காலத் தமிழ் காமெடி முழுக்க இது பரவிக் கிடந்தது. கவுண்டமணி–செந்தில் காட்சிகளிலும் நிறைய உண்டு. ஒருவர் கறுப்பாக இருக்கிறார் என்பதைத் தாண்டி அந்த ஜோக்கில் வேறு யோசனை எதுவும் இருக்காது.

மூன்று, பெண்களும் திருநங்கைகளும். ஆண் ஒருவர் சேலை கட்டி வந்தாலே ஜோக் என்று எழுதப்பட்ட காட்சிகள் ஏராளம். கொஞ்சம் நளினமாக நடந்தால் போதும், பின்னணியில் ஒரு கிண்டல் இசை வரும். தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் அமைந்தது 2008இல். அதே ஆண்டு, அதே விஜய் டிவியில், ‘இப்படிக்கு ரோஸ்’ நிகழ்ச்சியைத் திருநங்கையான ரோஸ் வெங்கடேசன் தொகுத்து வழங்கினார். ஆக, "அப்போ யாருக்கும் தெரியாது" என்று சொல்ல முடியாது. தெரிந்தவர்களும் இருந்தார்கள், பேசியவர்களும் இருந்தார்கள்.

சரி, சிங்கப்பூர்க் கதை என்ன?

ஜாலான் புசாரிலிருந்து தொடங்கலாம்.

ஜாலான் புசாரும் கிச்சனர் ரோடும் சேரும் பகுதியில், இன்று சிட்டி ஸ்குவேர் மால் நிற்கும் இடத்தில், ஒரு காலத்தில் ‘நியூ வோர்ல்ட்’ கேளிக்கைப் பூங்கா இருந்தது. 1923இல் திறக்கப்பட்டது, 1987இல் மூடப்பட்டது. பங்சாவான் நாடகம், குத்துச்சண்டை, கேபரே நடனம், கெத்தாய் மேடைப்பாட்டு எல்லாம் ஒரே வளாகத்தில். டிவி வராத காலத்தில் சிங்கப்பூரர்கள் காசு கொடுத்துச் சிரித்த இடங்களில் அதுவும் ஒன்று. அதன் பழைய நுழைவாயிலை இப்போதும் மாலுக்குப் பக்கத்தில் பார்க்கலாம்.

1963இல் சிங்கப்பூரில் தொலைக்காட்சி வந்தது. கெத்தாய் மேடைகளில் பேர் எடுத்த கலைஞர்கள் அதற்குள் போனார்கள். அவர்களில் பிரபலமான ஜோடி வாங் ஷா, யே ஃபெங். ஒருவர் ஒல்லி, ஒருவர் பருமன். சீனக் கிளைமொழிகளைக் கலந்து பேசிச் சிரிக்க வைத்தவர்கள்.

1979இல் ‘மாண்டரின் பேசுவோம்’ இயக்கம் தொடங்கியது. அதையடுத்து தொலைக்காட்சியில் கிளைமொழி நிகழ்ச்சிகள் படிப்படியாக நின்றன. அந்த ஜோடியின் நகைச்சுவையை இன்றைய சீன இளையர் பார்த்தால் பலருக்குப் புரியாது. ஜோக் கெட்டுப்போகவில்லை. அதைக் கேட்கிற காதுகள்தான் குறைந்துபோயின.

இது நமக்கும் சம்பந்தமான விஷயம். அதற்குக் கடைசியில் வருவோம்.

புவா சூ காங்கை மறக்க முடியுமா?

மஞ்சள் பூட்ஸ், சுருட்டை முடி, கன்னத்தில் பெரிய மச்சம். ‘சிங்கப்பூரிலும் ஜொகூர் பாருவிலும் பெஸ்ட், சிலர் பாத்தாமிலும் என்பார்கள்’ என்று தன்னைத்தானே விளம்பரப்படுத்திக்கொள்ளும் கான்ட்ராக்டர். குர்மித் சிங் நடித்த இந்தக் கதாபாத்திரம் முதலில் 1990களின் ‘குர்மித்ஸ் வோர்ல்ட்’ ஸ்கெட்ச் நிகழ்ச்சியில் வந்தது. பிறகுதான் 1997 முதல் 2007 வரை தனித் தொடராக ஓடியது.

1999 தேசிய தினப் பேரணியில் அப்போதைய பிரதமர் கோ சோக் தோங், சிங்கிலிஷ் பற்றிப் பேசும்போது புவா சூ காங்கின் பெயரையே சொன்னார். அவர் ஆங்கிலத்தை மேம்படுத்திக்கொள்ள வேண்டும் என்றார். அடுத்து வந்த பகுதிகளில் புவா சூ காங் ஆங்கில வகுப்புக்குப் போனார்!

இன்று சிங்கிலிஷ் பற்றிய பார்வை நிறையவே தளர்ந்திருக்கிறது. தேசிய தினச் சட்டைகளிலும் விளம்பரங்களிலும் கூட அது வருகிறது. அன்று பிரச்சினையாகத் தெரிந்தது இன்று இனிமையாகத் தெரிகிறது. காலம் போனால் காமெடி எப்போதும் மோசமாகத்தான் தெரியும் என்று இல்லை. சில நேரம் நேர்மாறாகவும் நடக்கும்.

இன்னொரு கோணமும் உண்டு. குர்மித் சிங்கின் தந்தை இந்தியர். தாய் சீன, ஜப்பானிய வம்சாவளி. அவர் ஒரு சீன கான்ட்ராக்டராக நடித்தார். அப்படியென்றால் ஒரு சீனர் இந்தியராக நடித்தால் மட்டும் ஏன் பிரச்சினை என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பதில் அடுத்த பகுதியில்.

‘பிரவுன்ஃபேஸ்’ ஏன் வேற விஷயம்?

2019 ஜூலை மாதம் மின்னியல் கட்டணச் சேவைக்கான ஒரு விளம்பரம் வெளியானது. நடிகர் டென்னிஸ் சியூ அதில் நான்கு வேடங்களில் வந்தார். ஒன்று தோல் நிறத்தைக் கறுப்பாக்கிய இந்திய ஆடவர். இன்னொன்று தலையங்கி அணிந்த மலாய்ப் பெண். கடும் எதிர்ப்பு எழுந்தது. விளம்பர நிறுவனமான ஹாவாஸும் மீடியாகார்ப்பின் தி செலிபிரிட்டி ஏஜென்சியும் மன்னிப்புக் கேட்டன. அதற்குப் பதிலடியாக ப்ரீத்தி நாயர், சுபாஸ் நாயர் இருவரும் வெளியிட்ட ராப் வீடியோவும் சர்ச்சையானது. அவர்களுக்குக் காவல்துறை நிபந்தனையுடன் கூடிய எச்சரிக்கை விடுத்தது.

அது விளம்பரம், ஸ்கெட்ச் நிகழ்ச்சி அல்ல. ஆனால் ஒரே நடிகர் விக் மாற்றி, உடை மாற்றி, பல இனத்தவராக வருவது ஸ்கெட்ச் காமெடியின் பழைய உத்தி. அந்த உத்திதான் இங்கே மாட்டிக்கொண்டது.

புவா சூ காங்குக்கும் இதற்கும் வித்தியாசம் என்ன?

புவா சூ காங்கில் தோல் நிறம் மாற்றப்படவில்லை. அங்கே சிரிப்பு வந்தது அவருடைய தற்பெருமையிலிருந்து, அண்ணனும் தம்பியும் போடும் சண்டையிலிருந்து, தம்பி மனைவிக்கும் அவருக்கும் நடக்கும் வாய்ச்சண்டையிலிருந்து. பெரும்பான்மை இனத்தைச் சேர்ந்த ஒரு கதாபாத்திரம், அதே இனத்தைச் சேர்ந்த பல விதமான கதாபாத்திரங்களுக்கு நடுவில் இருந்தார். சீன கான்ட்ராக்டர் என்றாலே இப்படித்தான் என்று யாரும் முடிவு கட்டவில்லை. திரையில் வேறு நூறு சீனர்கள் இருந்தார்கள்.

இந்தியர் வேடத்தில் பெரும்பாலும் நிறமும் தலையாட்டலும் உச்சரிப்புமே ஜோக்காக இருந்தன. அதுவும் அந்த நிகழ்ச்சியில் வரும் ஒரே இந்தியர் அவராகத்தான் இருப்பார். அந்த ஒருவரை வைத்து, வகுப்பில் இருக்கும் தமிழ்ப் பிள்ளையை மறுநாள் கிண்டல் செய்வார்கள். சிங்கப்பூரில் வளர்ந்த பல தமிழருக்கு இது செய்தியில் படித்த விஷயம் இல்லை, அனுபவித்தது.

அப்போ ‘தி நூஸ்’?

5ஆம் ஒளிவழியில் 2007இல் தொடங்கி ஏறத்தாழ பத்து ஆண்டு வந்த போலிச் செய்தி நிகழ்ச்சி. பெயரே ‘தி நியூஸ்’ என்பதன் திரிபு. மிஷெல் சோங், சுவா என்லாய், சுஹைமி யூசோஃப், அலரிக் டே என்று ஒரு பட்டாளமே பல வேடங்களில் வந்தது.

மிஷெல் சோங்கின் பார்பரெல்லா, வெளிநாட்டு ஆங்கில உச்சரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு பீற்றும் செய்தியாளர். உச்சரிப்பு வைத்து மேட்டிமை காட்டுவோரைக் கிண்டல் செய்யும் அந்தக் கதாபாத்திரம் இன்றும் கச்சிதமாக வேலை செய்கிறது. சீனாவிலிருந்து வந்த லூலு, பிலிப்பீன்ஸ் இல்லப் பணிப்பெண் லெடீசியா ஆகியோரும் அவரே. லூலு அவ்வளவு பிரபலமாகி, 2016இல் ‘லூலு தி மூவி’ என்று தனிப் படமாகவும் வந்தார்.

இந்த இரண்டாவது வகையை இன்று பார்க்கும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. சில காட்சிகளில் லெடீசியா சிங்கப்பூர் முதலாளிகளின் வண்டவாளத்தை வெளியே கொண்டுவருவார். அப்போது அம்பு நம்மை நோக்கி வருகிறது. வேறு சில காட்சிகளில் உச்சரிப்பைத் தவிர வேறு ஜோக்கே இல்லை. அப்போது அம்பு அவரை நோக்கிப் போகிறது. கதாபாத்திரம் ஒன்றுதான். காட்சிக்குக் காட்சி மாறுவது குறி.

குறி மாறினால் என்ன ஆகும்?

இதற்கு ஒரு நல்ல உதாரணம் பிரிட்டனில் உண்டு. சஞ்சீவ் பாஸ்கர், மீரா சயால் உள்ளிட்ட பிரிட்டிஷ் இந்தியர்கள் உருவாக்கிய ‘குட்னஸ் கிரேஷியஸ் மீ’, பிபிசி தொலைக்காட்சியில் 1998இல் தொடங்கியது.

அதன் புகழ்பெற்ற ஸ்கெட்ச்சில், சில இந்தியர்கள் இரவு நேரத்தில் ஓர் ஆங்கிலேய உணவகத்துக்குப் போகிறார்கள். பரிமாறுபவரின் பெயரைத் தப்புத் தப்பாகச் சொல்கிறார்கள். இருப்பதிலேயே சப்பென்று இருக்கும் சாப்பாடு எது என்று கேட்டு, வீறாப்பாக ஆர்டர் செய்கிறார்கள். இந்திய உணவகங்களில் குடித்துவிட்டு வந்து அலம்பல் பண்ணும் ஆங்கிலேயர்கள் செய்வதை அப்படியே திருப்பிப் போட்டார்கள்.

அதற்கு இருபது ஆண்டு முன்பு, 1977இல் வந்த ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ தொடரில் சீக்கியர், பாகிஸ்தானியர், சீனர் எல்லாரும் ஆங்கிலம் தெரியாமல் தடுமாறுவதுதான் ஜோக். பல நாடுகளில் ரசிக்கப்பட்ட தொடர்தான். ஆனாலும் இனங்களை ஒரே அச்சில் வார்க்கிறது என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது.

இரண்டிலும் உச்சரிப்புக் காமெடி இருக்கிறது. ஒன்று இன்றும் கூர்மையாக இருக்கிறது, மற்றது மழுங்கிவிட்டது. யார் எழுதினார், யாரைக் குறி வைத்தார் என்பதில்தான் வித்தியாசம்.

சிரிப்பு ஏன் வருது? இதுக்கு ஏதாவது தியரி இருக்கா?

இருக்கிறது, பழசும் புதுசும்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. அவற்றில் முதலாவது நகை. அது நான்கு வழிகளில் பிறக்கும் என்றும் சொல்கிறது. பிறரை ஏளனம் செய்வது, சிறுபிள்ளைத்தனம், அறியாமை, ஏமாளித்தனம் என்று அவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். வாழைப்பழக் காமெடியில் இந்த நான்கையும் தேடிப் பாருங்கள், கிடைக்கும்.

புதியது, அமெரிக்க ஆய்வாளர்கள் பீட்டர் மெக்ராவும் கேலப் வாரனும் 2010இல் முன்வைத்த ‘தீங்கில்லாத மீறல்’ கோட்பாடு. ஏதோ ஒரு விதி மீறப்பட வேண்டும். அதே நேரத்தில் அது ஆபத்தில்லாததாகவும் தெரிய வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் சிரிப்பு. மீறலே இல்லையென்றால் போர் அடிக்கும். தீங்கு தெரிந்தால் கோபம் வரும்.

பழைய காமெடி ஏன் கெட்டுப்போகிறது என்பதை இது நன்றாக விளக்குகிறது. ஜோக் இரண்டு விதமாகச் சாகலாம். மீறல் மறைந்துவிடலாம்: ஒரு காலத்தில் அதிர்ச்சி தந்தது இன்று சாதாரணம். அல்லது, தீங்கு கண்ணுக்குத் தெரிந்துவிடலாம்: தோல் நிறக் கிண்டலால் ஒரு குழந்தைக்கு என்ன ஆகும் என்பது இப்போது நமக்குத் தெரியும், எனவே சிரிப்பு தொண்டையிலேயே நிற்கிறது.

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு எதுக்கெடுத்தாலும் கோபம்" என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். தீங்கு எப்போதும் இருந்தது. அதை அனுபவித்தவர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காதது அப்போது யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பிரச்சினையான பழைய காட்சிகளை நீக்கிடணுமா?

2020இல் இது பெரிய விவாதமானது. மூன்று விதமாகக் கையாண்டார்கள்.

முதலாவது, நீக்குவது. 2020 ஜூன் மாதம் ‘லிட்டில் பிரிட்டன்’ ஸ்கெட்ச் நிகழ்ச்சி பிபிசி ஐபிளேயர், நெட்ஃபிளிக்ஸ் ஆகியவற்றிலிருந்து எடுக்கப்பட்டது. நடிகர்கள் முகத்துக்குக் கறுப்புச் சாயம் பூசி வேறு இனத்தவராக நடித்திருந்தது காரணம்.

இரண்டாவது, வெட்டித் திருத்துவது. அதே ‘லிட்டில் பிரிட்டன்’ 2022இல் சில காட்சிகள் நீக்கப்பட்டு ஐபிளேயருக்குத் திரும்பியது.

மூன்றாவது, எச்சரிக்கையோடு அப்படியே காட்டுவது. ‘ஃபால்டி டவர்ஸ்’ தொடரின் 1975ஆம் ஆண்டுப் பகுதி ஒன்றை, அதில் வரும் இனவாதச் சொற்களுக்காக யூகேடிவி எடுத்தது. அந்தச் சொற்களைப் பேசும் கிழட்டு மேஜரைக் கேலி செய்வதே காட்சியின் நோக்கம் என்று ஜான் கிளீஸ் வாதாடினார். சில நாள்களில் எச்சரிக்கைக் குறிப்போடு அது திரும்ப வந்தது.

மூன்றிலும் நல்லது, கெட்டது உண்டு. நீக்கினால் புண்படுவோர் குறைவர். ஆனால் அப்படி ஒன்று நடந்ததற்கான சான்றும் காணாமல் போகும். வெட்டினால் பார்க்க வசதி; ஆனால் அன்றைய டிவி இவ்வளவு சுத்தமாக இருந்தது என்று அடுத்த தலைமுறை நம்பிவிடும். எச்சரிக்கை போட்டால் வரலாறு மிஞ்சும். ஆனால் டிக்டாக்கில் வெட்டிப் போடும் 20 விநாடித் துண்டில் எச்சரிக்கை எங்கே இருக்கும்?

தமிழ் காமெடியில் இந்த விவாதம் கிட்டத்தட்ட நடக்கவே இல்லை. காட்சிகள் யூடியூப்பில் அப்படியே கிடக்கின்றன. எது நல்லது, எது கெட்டது என்பதைப் பார்ப்பவர்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது.

அப்போ எப்படிப் பிரிக்கிறது?

ஒரு பழைய காட்சியைப் பார்க்கும்போது இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. ஜோக் யார் மேல்? அதிகாரம் உள்ளவர் மேலா, இல்லாதவர் மேலா? மாமியார், மந்திரி, ஹீரோ, முதலாளி ஆகியோரைக் கிண்டல் செய்யும் காட்சிகள் பெரும்பாலும் நிற்கும்.

2. உருவத்தையோ இனத்தையோ எடுத்துவிட்டால் மிச்சம் ஏதாவது இருக்கிறதா? நடிகரை மாற்றிப் போட்டாலும் சிரிப்பு வந்தால், அங்கே உண்மையாகவே ஒரு யோசனை இருக்கிறது.

3. விளக்கம் எவ்வளவு தேவை? ஒரு வரியில் சொல்லி முடித்துவிடலாம் என்றால் பரவாயில்லை. பத்து நிமிடம் விளக்க வேண்டும் என்றால், அது காமெடி அல்ல, வரலாறு. வரலாறாகப் பார்க்கலாம், தப்பில்லை.

4. அந்த ஜோக்கில் வருபவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் சிரிப்பீர்களா? நால்வரில் இது மட்டும் கொஞ்சம் கஷ்டமான கேள்வி.

நான்கிலும் தேறியவை சந்தேகமில்லாமல் கிளாசிக். ஒன்றிரண்டில் தவறியவற்றைப் பார்த்துவிட்டுப் பேசலாம். நான்கிலும் தவறியதை ஃபார்வர்ட் செய்யாமல் இருக்கலாம்.

இது ஏன் நமக்கு முக்கியம்?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி, வீட்டில் அதிகம் பேசும் மொழியாகத் தமிழைக் குறிப்பிட்ட சிங்கப்பூர்வாசிகள் 2.5 விழுக்காடு. 2010இல் அது 3.3 விழுக்காடு. ஆங்கிலம் அதே பத்தாண்டில் 32.3இலிருந்து 48.3 விழுக்காட்டுக்கு ஏறியது.

பாடப்புத்தகத் தமிழ் பள்ளியில் கிடைக்கும். செய்தித் தமிழ் டிவியில் கிடைக்கும். ஆனால் கிண்டல் செய்யும் தமிழ், பதிலுக்குப் பதில் கொடுக்கும் தமிழ், கோபத்தைச் சிரிப்பாக மாற்றும் தமிழ் எங்கே கிடைக்கும்? வீட்டில் ஆங்கிலம் பேசும் பல இளையருக்கு, அது முதலில் காதில் விழுவது வடிவேலுவிடமிருந்தும் கவுண்டமணியிடமிருந்தும் ‘லொள்ளு சபா’விடமிருந்தும்தான். மூன்று மொழி கலந்து பேசும் நண்பர் குழுவிலும், சட்டென்று தமிழில் வரும் வரி பெரும்பாலும் ஒரு காமெடி வசனமாக இருக்கும்.

வாங் ஷா, யே ஃபெங் ஜோடிக்கு நடந்ததை இங்கே நினைத்துப் பாருங்கள். மொழி வீட்டை விட்டுப் போனால், முதலில் புரியாமல் போவது ஜோக்தான். இலக்கணத்தை விளக்கலாம், ஜோக்கை விளக்க முடியாது.

எனவே பழைய காமெடியை மொத்தமாகத் தூக்கி எறிவதில் நமக்கு நஷ்டம் அதிகம். மொத்தமாகத் தலையில் வைத்துக்கொண்டு ஆடினாலும் நஷ்டம்தான். "கறுப்பா இருக்கே" என்ற கிண்டலும் அதே தமிழில்தான் அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

சரி, கடைசியில் என்ன பதில்?

பழைய டிவி காமெடி இன்னும் தாக்குப்பிடிக்கிறதா என்றால், நிகழ்ச்சியாக இல்லை, காட்சியாக, ஆம்.

‘லொள்ளு சபா’வின் ஒரு முழுப் பகுதியை இன்று ஒரே மூச்சில் பார்ப்பது கஷ்டம். அதில் நல்ல மூன்று நிமிடம் இன்னும் இருபது ஆண்டுக்கு ஓடும். ‘தி நூஸ்’, புவா சூ காங், மான்டி பைத்தான் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

2008 அக்டோபரில் வசந்தம் முழுநேரத் தமிழ் ஒளிவழியானது. அதற்கு முன் தமிழ் நிகழ்ச்சிகள் மற்ற மொழிகளோடு ஒளிவழியைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. இன்று அந்த இடநெருக்கடி இல்லை. கைப்பேசி இருந்தால் யார் வேண்டுமானாலும் மூன்று நிமிட ஸ்கெட்ச் எடுக்கலாம். சிங்கப்பூர் இளையர் பலர் எடுத்துக்கொண்டும் இருக்கிறார்கள். தேசிய சேவை, ‘ஓ’ நிலைத் தேர்வு, பொங்கல் கூட்டத்தில் மாட்டிக்கொண்ட பேருந்து, தமிழில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் முடிக்கும் அம்மாவின் திட்டு... இவையெல்லாம் சென்னையில் எழுத முடியாத ஜோக்குகள்.

அவற்றையும் 2045இல் யாராவது ஒரு 17 வயதுப் பிள்ளை பார்த்துவிட்டு, "இதுல என்ன காமெடி இருக்கு?" என்று கேட்கலாம். கேட்பதற்கு அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரிந்திருந்தால், அதுவே நல்ல செய்தி.